அட்டைக்குப் புரூஃப் கிடையாது

அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. மறந்துபோய்விட்டதோ என்று நினைக்க வேண்டாம். அவரைக் கேட்காமல் அவரைப் பற்றி ஒரு முறை நாலு வரி எழுதினேன். அது அச்சேறி, ஒரு மண்டபம் நிறைய ஆட்களுக்கு நடுவே மைக்கில் வாசிக்கப்பட்டது. வருஷம் எத்தனையோ ஓடிவிட்டது, கோபம் மட்டும் போகவில்லை. பதிப்பாளர்மேல் கோபம், மைக் பிடித்தவர்மேல் கோபம், ஊர்மேல் கோபம். எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடைசியில் என்மேல்தான் வந்து உட்காரும்.

பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில், நோணாங்குப்பம் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிற வேலை அவருக்கு. கம்பி போட்ட ஜன்னல், அதற்குப் பின்னால் அவர், கைக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு. பாரடைஸ் பீச்சுக்குப் படகில் போகிறவர்களின் பெயரை அந்த நோட்டில் எழுதிக்கொள்வது அப்போது வழக்கம். மற்றவர்கள் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு ‘ரமேஷ் பார்ட்டி’, ‘லாட்ஜ் பார்ட்டி’ என்று ஏதோ ஒன்றைக் கிறுக்கித் தள்ளுவார்கள். அக்கா என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவேன்; அவரிடம் அது நடக்காது. மாதம் நாலு தரம் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வரும் லாட்ஜ்காரராக இருந்தாலும் தலையைத் தூக்கி, “பேரு?” என்பார்.

“என்னம்மா, என்னைத் தெரியாதா உங்களுக்கு?”

“தெரியும். உங்க வாயால சொல்லுங்க.”

அவர் முகம் எப்படி இருக்கும் என்று நான் எழுதமாட்டேன். அதைப் பார்த்ததும் ஜனங்களுக்கு ஒரு கேள்வி வரும், அது போதும். “நேபாளமா நீங்க?” “மணிப்பூரா?” “சைனாவா?” வரிசையில் நின்று, சில்லறையை நீட்டிக்கொண்டே கேட்பார்கள். சில பேர் பெரிய மனசு பண்ணி, “தமிழ் நல்லா பேசுறீங்களே!” என்பார்கள். அதற்கு அக்கா, “நீங்களும்தான்” என்பார். ஒரு மெட்ராஸ்காரர் விடாமல், “இல்லீங்க, நீங்க எங்கேருந்து வர்றீங்க?” என்று மறுபடி கேட்க, “ரெண்டாம் நம்பர் கவுன்ட்டர்லேருந்து. எத்தன பேரு?” என்று டிக்கெட் கட்டை எடுத்தார். அன்றைக்கு அவரைப் பார்க்கப் போயிருந்த நான் பக்கத்தில் நின்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மூடி மறைக்கிற ஆளும் இல்லை அவர். ஒழுங்காகக் கேட்டால் அவரே சொல்வார். “எங்கப்பாவுக்கு முத்தியால்பேட்டை. பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா, அதான் சிப்பாயா, சைகோனுக்குப் போனாரு. எங்கம்மா அந்த ஊரு. கட்டிக்கினாங்க, நான் பொறந்தேன். கப்பல் ஏறி இங்க வந்துட்டோம்.” சந்தைக்குப் போய்வந்த கதை மாதிரி சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். கேட்டவர் அதோடு விட்டால் சரி. விரலை மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்தால் தொலைந்தார். “அப்போ நீங்க பாதி...” என்று பேங்க் கவுன்ட்டரில் ஒரு கிளார்க் இழுத்தபோது, “எந்தப் பாதி? மேல் பாதியா, கீழ்ப் பாதியா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அந்த ஆள் பாஸ்புக்கைப் பார்த்தவர்தான், அப்புறம் நிமிரவேயில்லை.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் நான் பாரதி வீதிப் பக்கம் ஒரு டி.டி.பி. சென்டரில் தமிழ் அடித்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட், நடுநடுவே யாராவது ஒரு கவிஞர். ஒரு செவ்வாய்க்கிழமை நாலு தடி நோட்டுகளைத் துணிப்பையில் சுமந்துகொண்டு அக்கா படியேறி வந்தார். எங்கள் ஊரில் அப்படி ஒரு முகத்தைப் பார்த்தால் வாயில் தானாக ஒரு வார்த்தை வரும். “வாங்க மதாம்” என்றேன்.

“யாருக்கு மதாம்? எனக்குப் பிரான்சுலேருந்து பென்ஷன் வருதா? அக்கான்னு கூப்புட வாய் வலிக்குதா உனக்கு?”

“சரிக்கா.”

“உம் பேரு?”

“அஞ்சு.”

“யாரு வெச்ச பேரு?”

ஓனர் வைத்த பேர்தான். எங்கள் வீடு தேங்காய்த்திட்டு, அப்பா மீன் ஏலம் எடுப்பவர். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே ஓனர், “அஞ்சலைன்னு சொன்னா கஸ்டமருக்கு மீன் வாசன வரும், அஞ்சுன்னு வெச்சுக்கோ” என்றார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டினேன். இரண்டு வருஷமாக அஞ்சுவாக இருந்து, போனில்கூட அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஓனர் காதில் விழும்படியே, “உனக்கு எது புடிக்கும்?” என்று கேட்டார். அதை அதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்து, “அஞ்சலைதான்க்கா” என்றேன். “அப்ப அஞ்சலை” என்று சொல்லிவிட்டு நோட்டைப் பிரித்தார்.

அது ஒரு நாவல். பாண்டியில் ஒரு தெருவில் ஒரு பெண் வளர்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், ஒருத்தனை விரும்பிக் கைவிடுகிறாள், சொந்தமாகச் சம்பாதிக்கிறாள். அவளைப் பார்க்கிறவர்கள் எல்லாம் அவளுக்கு ஒரு பேர் வைக்கிறார்கள், அவள் ஒவ்வொருத்தரோடும் சண்டை போடுகிறாள். அவ்வளவுதான் கதை. இருநூறு பக்கத்தில் ‘பாதி’ என்ற சொல் ஓர் இடத்திலும் கிடையாது, ‘கலப்பு’ கிடையாது. “பால்ல தண்ணி கலப்பாங்க, அரிசியில கல்லு கலப்பாங்க. ஆளுல இன்னா கலப்பு?” என்பார். கதாநாயகியின் கண் எப்படி, மூக்கு எப்படி என்று ஒரு வரியும் இல்லை. பதிப்பாளர் அதைச் சொல்லிச் சொல்லிப் புலம்பினார். “ஒரு வர்ணனை வேணாமாம்மா? வாசகன் அவள எப்படிப் பாப்பான்?”

“அவதானே கத சொல்றா. அவ மத்தவங்களப் பாக்குறா. தன் மூஞ்சியவா பாத்துக்கினு இருப்பா?”

பதிப்பாளர் உள்ளூர்க்காரர். வெள்ளை வேட்டி, பையில் மூன்று பேனா, எந்தக் கூட்டத்திலும் முதல் வரிசை. ‘பாதிக் குருதி’ என்று தலைப்பு வைக்கலாம் என்று எங்கள் கடையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். அக்கா நாலு நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார். பதிப்பாளர் பின்னாலேயே ஓடி, கும்பிடு போட்டுக் கூட்டிவந்தார். தலைப்பில் ஜெயித்தது அக்காதான். மனுஷன் அப்போதே வேறு வழி பார்த்து வைத்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அக்காவுக்குச் செவ்வாய் விடுமுறை. காலையிலேயே வந்து என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். நான் அடித்ததைப் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன், அவர் சிவப்புப் பேனாவால் திருத்துவார், நான் திருத்தம் போடுவேன். அதைத்தான் புரூஃப் பார்ப்பது என்போம். மூன்று புரூஃப் பார்த்தோம். முதல் நாள் அவர் டப்பாவைத் திறந்தபோது ஓனர் எழுந்துவந்து எட்டிப் பார்த்தார், சைகோன் வீட்டுச் சாப்பாடு, நண்டோ நத்தையோ என்னவோ என்று. உள்ளே தயிர் சாதம், ஓரத்தில் சுண்டவத்தல். “ஏமாந்துட்டியா?” என்று அவருக்கும் ஒரு கவளம் நீட்டினார்.

இன்னொரு செவ்வாயில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி வந்தாள். கூடவே மொழிபெயர்க்க ஒரு பையன், கையில் ரெக்கார்டர். பதிப்பாளர்தான் அனுப்பியிருக்கிறார். பையன் மூச்சுவிடாமல் கேட்டான்: “ரெண்டு உலகத்துக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட மாதிரி உங்களுக்கு எப்பவாவது தோணியிருக்கா மேடம்?”

“நான் எங்கயும் மாட்டிக்கல தம்பி. இப்பதான் உங்கிட்ட மாட்டிக்கினு இருக்கேன்.”

அந்தப் பையன் அதை அப்படியே மொழிபெயர்த்தானா, மென்று முழுங்கினானா தெரியவில்லை. வெள்ளைக்காரப் பெண் மட்டும் ரொம்ப உருக்கமாகத் தலையை ஆட்டினாள். எனக்கு அவள் ரெக்கார்டரைப் பிடுங்கித் தெருவில் எறியலாம் போல வந்தது. பெரிய ரோஷக்காரிதான் நான்! அடுத்தவள் செய்யும்போது அவ்வளவு கோபம் வந்ததே, நான் செய்யும்போது எங்கே போயிருந்தது அந்தக் கோபம்?

மூன்றாவது புரூஃப் முடிகிற அன்றைக்கு மழை. ஓனர் வரவில்லை, கரண்டும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தபோது அக்கா தன் அம்மாவைப் பற்றிப் பேசினார். அந்த அம்மா பெரிய மார்க்கெட்டுக்குக் கிளம்பும் முன்னால் தினமும் கண்ணாடி முன் நின்று ஒரு காரியம் செய்வாராம். மார்க்கெட்டில் யாரும் தன்னை வேற்றாளாகப் பார்க்கக் கூடாது என்பதற்காக. சின்ன வயதில் அக்கா கதவோரம் நின்று அதைத் தினமும் பார்த்திருக்கிறார். சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை, கை மட்டும் சிவப்புப் பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அது என்ன காரியம் என்று கேட்காதீர்கள். சொல்லமாட்டேன். ஒரு தரம் சொன்னதே ஏழு ஜென்மத்துக்குப் போதும்.

“இத ஏன்க்கா நாவல்ல எழுதல? படிக்கிறவங்க உருகிடுவாங்களே” என்றேன்.

“அது எங்கம்மாவோடது. அவங்க யாருகிட்டயும் சொல்லல. இருந்திருந்தா கேட்டு எழுதியிருப்பேன். இப்ப யாரப் போயி கேக்குறது?” என்றார். பேனாவைப் பையில் போட்டுக்கொண்டே, “உங்கிட்ட ஏன் சொன்னேன்னு தெரியல. மழைதான் காரணம்” என்று எழுந்துகொண்டார்.

போகும்போது இரண்டு விஷயம் கேட்டார். புத்தகத்தின் உள்பக்கத்தில் பதிப்பு விவரம் போடும் இடத்தில் ‘ஒளியச்சு’ என்று ஒரு வரி வரும். அதில் கடையின் பேரைப் போடுவதுதான் வழக்கம். “கட வந்தா அடிச்சுது? நீதான அடிச்ச. உம் பேரப் போடு” என்றார். ஓனரிடமும் பதிப்பாளரிடமும் அவரே பேசி ஒத்துக்கொள்ள வைத்தார். ‘ஒளியச்சு: அஞ்சலை.’ என் பேரை அச்சில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது, “அட்டைய எப்ப காட்டுவ?”

“அட்டைக்கெல்லாம் புரூஃப் கிடையாதுக்கா. அது அவங்க வேல” என்றேன். எங்கள் தொழிலில் அப்படித்தான். உள்ளே ஒரு காற்புள்ளி தவறினாலும் எழுதினவர் பார்த்துத் திருத்தலாம். வெளியே, ஊரே பார்க்கிற இடத்தில் என்ன போடுகிறார்கள் என்பது விழா மேடையில்தான் அவருக்குத் தெரியும். இதில் ஒரு தப்பும் இருப்பதாக அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

அட்டை அச்சுப் பிளேட்டுக்குப் போக வேண்டிய நாளில் பதிப்பாளர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். பின்னட்டைக்கு எழுதித் தருவதாகச் சொன்ன பெரியவர் கைவிரித்துவிட்டாராம். “நீதான் மூணு புரூஃப் பாத்த ஆளு. நாலு வரி எழுதும்மா. உருக்கமா இருக்கணும். லைப்ரரிக்குப் புத்தகம் எடுக்கிறவங்க பின்னட்டையத்தான் படிப்பாங்க. உள்ள யாரு படிக்கிறா?”

எனக்கு உச்சி குளிர்ந்துபோய்விட்டது. மற்றவர்கள் எழுதியதை அடித்துக் கொடுக்கிறவள், என்னை ஒருத்தர் எழுதச் சொல்கிறார்! கை பறந்தது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ‘தமிழ்த் தந்தைக்கும் வியட்நாமியத் தாய்க்கும் பிறந்து, பாதி இங்கும் பாதி அங்குமாக’ என்று ஆரம்பித்தேன். அடுத்த வரியில் அந்த அம்மாவைக் கண்ணாடி முன்னால் நிறுத்தினேன். பதிப்பாளர் படித்துவிட்டு, “அடேயப்பா! இதத்தான் ஆரம்பத்துலேருந்து கேட்டுக்கினு இருக்கேன்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா சந்தோஷப்படுவார் என்று சத்தியமாக நம்பினேன். போன் மேஜைமேலேயே இருந்தது. எடுத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெளியீட்டு விழாவுக்கு அக்கா மாம்பழ நிறத்தில் காட்டன் புடவை கட்டி வந்திருந்தார். மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். சிறப்பு விருந்தினர் புத்தகத்தைப் படித்திருக்கவில்லை என்பது முதல் இரண்டு நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. பாண்டிச்சேரியின் பெருமை, பெண்ணின் பெருமை என்று சுற்றிச் சுற்றி வந்தார். பேச ஒன்றும் இல்லாமல் போனதும் புத்தகத்தைப் பின்பக்கம் திருப்பினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் எழுதின நாலு வரியை ஏற்ற இறக்கத்தோடு மைக்கில் படித்தார். அந்த அம்மா செய்த காரியத்தை இரண்டு தடவை படித்தார். மண்டபம் கைதட்டியது. என் பக்கத்து நாற்காலிக்காரர், “பாவம், இல்ல?” என்றார்.

அக்காவின் கையிலும் ஒரு பிரதி இருந்தது. அவரும் திருப்பிப் பார்த்தார். அப்புறம் தலையைத் தூக்கி வரிசை வரிசையாகத் தேடி என்னைக் கண்டுபிடித்தார். அந்த விஷயத்தை அவர் சொல்லியிருந்தது அந்த மண்டபத்தில் என் ஒருத்தியிடம்தான். கடையில் ஓனர் இல்லாத, கரண்ட் இல்லாத அந்த மழை நாள் அவர் முகத்தில் வந்து போனதைப் பார்த்தேன்.

ஏற்புரைக்குக் கூப்பிட்டபோது அவர் மைக் பக்கம் போகவில்லை. பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

“நீதான எழுதுன?”

“நல்லா வரணும்னுதான்க்கா...”

“யாருக்கு நல்லா?”

அவர் காத்திருந்தார். நிஜமாகவே பதில் வேண்டும் என்பது மாதிரி காத்திருந்தார். பிறகு வாசலுக்குப் போனார். அங்கே விற்பனைக்கு அடுக்கியிருந்த மேஜை முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, முதல் புத்தகத்தை எடுத்து, முதுகோரமாகப் பிடித்து அட்டையைக் கிழித்தார். அடுத்தது. அதற்கடுத்தது. டிக்கெட் கிழித்துப் பழகிய கை, ஒரு பக்கம்கூடச் சிதையவில்லை. பதிப்பாளர் ஓடிவந்து, “என்னம்மா பண்றீங்க, எல்லாரும் பாக்குறாங்க!” என்று கத்தினார். “பாக்கட்டும். உள்ள இருக்கிறது என்னுது. இது ஒங்களுது, எடுத்துக்கினு போங்க” என்று கிழித்த அட்டைகளை அவர் பக்கம் தள்ளினார். ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். ரெண்டு பேர் செல்போனில் படம் எடுத்தார்கள். “இதுங்களுக்கே கொஞ்சம் ஆங்காரம் ஜாஸ்தி” என்று ஒரு குரல் கேட்டது. ‘இதுங்க’ என்றால் எதுங்க என்று அந்த ஆளின் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்க வேண்டும். அட, அதுகூட வேண்டாம். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து நாலு அட்டையைக் கிழித்திருக்கலாம். நின்றேன். தூண் மாதிரி நின்றேன்.

எல்லாம் முடிந்து அவர் போன பிறகு அட்டையில்லாத புத்தகம் ஒன்றை எடுத்துப் பிரித்தேன். அட்டையோடு அந்த உள்பக்கத்தையும் அவர் கிழித்திருக்கலாம், ஒரே இழுப்பில் வந்துவிடும். கிழிக்கவில்லை. ‘ஒளியச்சு: அஞ்சலை’ அப்படியே இருந்தது. இன்னொன்றை எடுத்தேன், அதிலும் இருந்தது. அதற்குமேல் பார்க்கத் தெம்பில்லை.

மூன்று மாதம் தைரியம் வரவில்லை. அப்புறம் ஒரு நாள் பஸ் ஏறி நோணாங்குப்பம் போனேன். மன்னிப்புக் கேட்பதற்கு என்னென்னவோ பேச்சு தயார் பண்ணி வைத்திருந்தேன். இரண்டாம் நம்பர் கவுன்ட்டர், நீள வரிசை. எனக்குப் பின்னால் குடும்பத்தோடு நின்ற ஒருவர் கம்பிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, “உள்ள இருக்கிறவங்க சைனாங்களா?” என்று என்னிடம் கேட்டார். “வாய் இருக்கில்ல? அவங்களையே போய்க் கேளுங்க” என்று எரிந்து விழுந்தேன். பாவம், அந்த ஆள் ஓரடி பின்னால் போய்விட்டார்.

என் முறை வந்தது. அக்கா தலையைத் தூக்கினார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

“எத்தன பேரு?”

“அக்கா, நான் வந்து...”

“எத்தன பேரு?”

“ஒருத்திதான்.”

டிக்கெட்டைக் கிழித்து ஜன்னல் வழியாகத் தள்ளினார். தயார் பண்ணி வைத்திருந்த பேச்சை விட்டுவிட்டு டிக்கெட்டை எடுத்துக்கொண்டேன். அவர் நீள நோட்டை முன்னால் இழுத்து, பேனாவைத் திறந்து, என்னைப் பார்த்தார்.

“பேரு?”

“அஞ்சலை” என்றேன்.

அவருக்குத் தெரிந்த பேர்தான். கேட்டுத்தான் எழுதினார்.